இரயில் போன பாலத்தில் நடைபாதை



சிங்கப்பூரில் புக்கிட் தீமா சாலைக்கு மேலே ஓர் உருக்குப் பாலம் நிற்கிறது. 2011ஆம் ஆண்டு வரை மலேசியாவிலிருந்து வந்த இரயில்கள் அதன்மீது ஓடின. இன்று அதன்மீது மக்கள் நடக்கிறார்கள். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவன், "வண்டி ஓடாத பாலம் எதற்கு சார்? பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமே?" என்று கேட்டான். நியாயமான கேள்விதான். விடையை வரலாற்றில் தேடுவோம்.

சிங்கப்பூரில் 1903இல் இரயில் பாதை திறக்கப்பட்டது. தீவின் வடகரையில் இறங்கி, ஜோகூருக்குப் படகில் கடக்க வேண்டும். 1923இல் கடற்பாலத்தின் வழியே இரயில் ஓடத் தொடங்கியதும் அந்தச் சிரமம் நீங்கியது. ஆனால், நகருக்குள் தண்டவாளம் சாலைகளைக் குறுக்கிட்டதால் வாகனங்கள் காத்துக் கிடந்தன. ஆகவே பாதையை மாற்றி, சாலைகளுக்கு மேலே பாலங்கள் அமைத்து, 1932இல் தஞ்சோங் பகார் நிலையத்தைத் திறந்தார்கள்.

புக்கிட் தீமாவிலுள்ள இரண்டு பாலங்களில் உருக்குச் சட்டங்கள் முக்கோணம் முக்கோணமாகப் பின்னப்பட்டிருக்கும். நாற்கோணச் சட்டத்தை அழுத்தினால் சாயும். குறுக்கே ஒரு கட்டை அடித்தால் அசையாது. நம் வீட்டுக் கூரையைத் தாங்குவதும் இந்த உத்திதான்.

பாதையோ ஒற்றைத் தண்டவாளம். எதிரெதிரே வண்டிகள் மோதாதிருக்க, புக்கிட் தீமா நிலையத்தில் ஓட்டுநரிடம் வளையத்தில் கோத்த ஓர் அடையாளச் சாவியைக் கொடுப்பார்கள். சாவி கையில் இல்லாமல் வண்டி நகராது.

இப்பாதையில் நம்மவர் உழைப்பும் உண்டு. மலாயா இரயில்வேயில் ஏராளமான தமிழர்கள் தண்டவாள வேலை செய்தார்கள். குவீன்ஸ்வே அருகே குடியிருந்த இரயில்வே தொழிலாளர்கள் 1932இல் முனீஸ்வரனுக்கு ஒரு சிறு கோயில் எழுப்பினார்கள். அது பின்னர் காமன்வெல்த் டிரைவுக்கு இடம் மாறி, இன்றும் விளங்குகிறது. தஞ்சோங் பகார் நிலையத்தின் சுவர்ச் சித்திரங்களிலே பால்மரம் வெட்டும் காட்சியும் இருக்கிறது. தோட்டத்து உழைப்பு சித்திரமாகிவிட்டது. உழைத்தவர்களின் பெயர்கள்தாம் அங்கே இல்லை.

2011 ஜூன் 30ஆம் நாள் இரவு, தஞ்சோங் பகாரிலிருந்து கடைசி இரயில் புறப்பட்டது. ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் அதை ஓட்டிச் சென்றார். பிறகு தண்டவாளங்களில் பெரும்பகுதி பெயர்க்கப்பட்டு மலேசியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. அந்த நிலம் முழுவதும் கட்டடங்களாகியிருக்கக் கூடும். ஆனால், இதனைப் பசுமைப் பாதையாகக் காக்க வேண்டும் என்று சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் 2010லேயே கோரியிருந்தது. பொதுமக்களும் குரல் கொடுத்தார்கள். அரசாங்கம் இசைந்தது. இரண்டு உருக்குப் பாலங்களும் காக்கப்பட்டன. புக்கிட் தீமாப் பகுதி சீரமைக்கப்பட்டு 2021இல் திறக்கப்பட்டது. இன்று அது மக்கள் நடக்கும் பாதை.

இப்பொழுது மாணவனின் கேள்விக்கு வருவோம். பாலத்தை விற்றால் இரும்பின் விலை கிடைக்கும்; அவ்வளவுதான். பாலம் நின்றால், "இதை யார் கட்டினார்கள்?" என்று ஒரு பிள்ளை கேட்கும். அப்பொழுது விடை சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் குடும்பத்தில் இரயில்வேயில் உழைத்தவர் உண்டா? இன்றிரவே பாட்டியிடம், தாத்தாவிடம் கேளுங்கள். அவர் பெயரையும் ஊரையும் வேலையையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பாலத்தை அரசாங்கம் காக்கும். பெயர்களை நாம்தான் காக்க வேண்டும்.