நாலந்தாவில் படித்தவர் நடந்த பாதை

பௌத்தம், தியானம், சமாதானம் மூன்றையும் சேர்த்து ஒரு முதுகலைப் பாடநெறி இருக்கெண்டு கேள்விப்பட்டால், எங்களில பலருக்கு முதலில வாறது கசப்பான சிரிப்புத்தான். பௌத்தம் எண்டவுடன எங்களுக்கு ஞாபகம் வாறது சந்தியில வைத்த சிலையும் அதுக்குப் பக்கத்துக் காவலரணும். அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கம்போடியாவுக்குப் போய்ப் பார்ப்போம்.

மஹா கோசானந்தா கம்போடியப் பிக்கு. 1950களில் இந்தியாவுக்குப் போய், பீகாரிலுள்ள நாலந்தாவில் பௌத்தம் படித்துக் கலாநிதிப் பட்டம் பெற்றவர். காந்தியோடு பழகிய ஜப்பானியப் பிக்கு நிசிதத்சு புஜியிடம் அகிம்சையைக் கற்றார். 1965 இல் தாய்லாந்து வனவிகாரை ஒன்றுக்குப் போய்த் தியானத்தில் இருந்தார்.

அவர் அங்கே இருந்தபோதுதான் நாடு எரிந்தது. 1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் புனோம் பென்னைக் கைப்பற்றியது. 1979 ஜனவரியில் அந்த ஆட்சி விழும்வரை 15 முதல் 20 இலட்சம் பேர் வரை செத்துப்போனார்கள். விகாரைகள் மூடப்பட்டன. பிக்குகளின் காவியுடை களையப்பட்டது. கோசானந்தாவின் குடும்பமும் மிஞ்சவில்லை.

அவர் எல்லையிலிருந்த அகதி முகாம்களுக்குப் போனார். குடிசைகளையே விகாரைகளாக்கினார். மெத்த சுத்தத்தை அச்சடித்துச் சனத்துக்குக் கொடுத்தார். முகாமில் பாதிக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், தப்பி வந்த கெமர் ரூஜ்காரரும் இருந்தார்கள். இரண்டு பகுதியையும் ஒரே இடத்தில் இருத்தி, பகையைப் பற்றிய தம்மபதச் செய்யுளை ஓத வைத்தார். நாலந்தாவில் படித்த பாளி அங்கேதான் பயன்பட்டது.

1991 ஒக்டோபரில் பாரிஸ் உடன்படிக்கை கையெழுத்தானது. ஆனால் கண்ணிவெடிகள் நிலத்திலேயே கிடந்தன. 1992 இல் தாய்லாந்து எல்லையிலிருந்து புனோம் பென் வரை அகதிகளோடு நடந்தார். அதுதான் முதல் தம்மயாத்திரை. 1993 இல், ஐ.நா. நடத்திய தேர்தலுக்குச் சற்று முன் மறுபடி நடந்தார்கள். 1994 நடையில் மோதலுக்குள் சிக்கி ஒரு பிக்குவும் ஒரு பிக்குணியும் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகும் நடை நிற்கவில்லை.

இதைப் படிக்கும்போது எங்களுக்கு ஒரு கேள்வி வருகுது. மன்னிப்புப் போதுமா? கம்போடியாவில் விசேட நீதிமன்றம் வேலையைத் தொடங்கியதே 2006 இல்தான். கடைசியில் தண்டனை பெற்றவர்கள் மூன்றே பேர். தியானம் நீதியின் இடத்தை நிரப்பாது. அப்படி நிரப்பும் எண்டு யாராவது சொன்னால் அது ஏமாற்று.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. கோசானந்தா தன் வீட்டாரை இழந்துவிட்டு நின்றுதான் மன்னிப்பைப் பற்றிக் கதைத்தார். 'பழசை மறந்திடுங்கோ' எண்டு எங்களுக்குச் சொல்லுறவர்களில் எத்தனை பேர் எதை இழந்தவர்கள்? வெண்டவன் கேக்கிற மறதியும் இழந்தவன் குடுக்கிற மன்னிப்பும் ஒண்டில்லை.

எங்கட நாட்டிலயும் சமாதானத்தைப் பற்றி நிறைய ஆய்வேடுகள் எழுதப்படுகின்றன. நாளைக்கு எங்களில் சிலரும் எழுதுவோம். அதை முடித்த பிறகு யாருடைய முற்றத்துக்கு நடந்து போகப்போறம் எண்டதை இப்பவே யோசிச்சு வைப்போம்.