கிஸ்வாவைத் தைத்த கைகள்: பல பணிகளை ஒருசேர முடித்த ஒழுங்கின் வரலாறு



ஊசியும் நூலும் நம் மார்க்க வரலாற்றில் மதிப்பான இடம் பெற்றவை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்டதையும், காலணியைத் தாமே செப்பனிட்டதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டுத் தைத்து, அவ்வருவாயை ஏழைகளுக்கு ஈந்து வந்தார்கள்.

கரியமாணிக்கம் போன்ற நம் சிற்றூர்களில் வீட்டிலிருந்தபடியே தைக்கும் பெண்மணிகளுக்கு ஒரு தீராத கவலை உண்டு. ஒரே நேரத்தில் நான்கைந்து வேலைகள் கையில் இருக்கும். ஒருவருக்கு ரவிக்கை, இன்னொருவருக்குப் புர்காவில் பூவேலை, பிள்ளைகளுக்குப் பெருநாள் உடை, மணப்பெண்ணின் சேலைக்குக் குஞ்சம். ஒன்றைக் கையிலெடுத்தால் மற்றது நின்றுவிடுகிறது. பெருநாள் நெருங்கும்போது எல்லாமே அரைகுறையாய்க் கிடக்கின்றன. இக்கவலைக்கு விடை தரும் வரலாறு ஒன்று உண்டு. அது புனித கஅபாவின் போர்வையாகிய கிஸ்வாவின் வரலாறு.

கெய்ரோவின் தையலகம்

மம்லூக் சுல்தான்களின் காலம் தொட்டுப் பல நூற்றாண்டுகள் கிஸ்வாவைப் பெரும்பாலும் எகிப்தே அனுப்பி வந்தது. பதினான்காம் நூற்றாண்டில் சுல்தான் அஸ்ஸாலிஹ் இஸ்மாயீல், கிஸ்வாவின் செலவுக்கென எகிப்தியக் கிராமங்களின் வருவாயை வக்ஃபு செய்தார். பின்னர் உஸ்மானிய சுல்தான் சுலைமான் மேலும் ஏழு கிராமங்களைச் சேர்த்தார். நூலுக்கும் கூலிக்கும் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி ஆண்டுதோறும் எழாதபடி முதலில் அது தீர்க்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முஹம்மது அலீ பாஷாவின் ஆட்சியில், கெய்ரோவின் அல்குருன்ஃபிஷ் பகுதியில் ‘தாருல் கிஸ்வா’ என்னும் தனித் தையலகம் அமைந்தது.

அங்கே தைக்கப்பட்டது ஒரே ஒரு துணி அன்று. கஅபாவின் நான்கு பக்கங்களுக்கான கருந்திரை, அதன்மேல் சுற்றிவரும் ‘ஹிஸாம்’ என்னும் எழுத்துப் பட்டை, வாயில் திரை, உள்ளிருக்கும் பாபுத் தவ்பா வாயிலின் திரை, மகாமு இப்ராஹீமின் உறை, கஅபாவின் திறவுகோலுக்குரிய பை எனப் பல பணிகள் ஒருசேர நடந்தன. இவை அனைத்தும் ஹஜ் பயணக்குழு புறப்படுவதற்குள் முடிந்தாக வேண்டும். துல்ஹஜ் மாதம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

அறுந்த நூல்

1926ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது எகிப்திய மஹ்மல் ஊர்வலத்தையொட்டி மினாவில் மோதல் மூண்டு, உயிர்கள் பறிபோயின. இரு நாட்டு உறவும் முறிந்தது. மறு ஆண்டு எகிப்திலிருந்து கிஸ்வா வரவில்லை. ஹஜ்ஜுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், மக்காவில் கிடைத்த கறுப்புக் கம்பளித் துணியைக் கொண்டு அவசரமாக ஒரு போர்வை தைத்து அணிவிக்கப்பட்டது.

அவசரத்தில் ஓராண்டைக் கடத்தலாம். ஒவ்வோராண்டையும் அவ்வாறு கடத்த இயலாது. எனவே மன்னர் அப்துல் அஸீஸ், ஹிஜ்ரி 1346இன் தொடக்கத்தில், அதாவது 1927ஆம் ஆண்டின் நடுவில், மக்காவின் அஜ்யாத் பகுதியில் கிஸ்வா பணியகம் ஒன்றை அமைக்க ஆணையிட்டார். நெய்யவும் தைக்கவும் தேர்ந்த கைகளுக்கு எங்கே போவது? நம் இந்தியாவிலிருந்து ஏறத்தாழ அறுபது கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். அவர்களோடு பன்னிரண்டு கைத்தறிகளும் மக்காவை அடைந்தன. அவர்கள் வந்து சேர்ந்தது ரஜப் மாதம். ஹஜ்ஜுக்கு ஐந்து மாதங்களே இருந்தன. தறியும் ஊசியும் ஒரே நேரத்தில் இயங்கின. அவ்வாண்டு ஹஜ்ஜுக்குள் கிஸ்வா நிறைவுற்றது. உறவு சீரடையும் வரை அப்பணியகமே கஅபாவுக்குப் போர்வை தந்தது. பின்னர் எகிப்து மீண்டும் அனுப்பியது. 1962க்குப் பிறகு மக்காவே இப்பணியை நிலையாக ஏற்றது. 1977இல் உம்முல் ஜூத் பகுதியில் இன்றைய பணியகம் திறக்கப்பட்டது.

பணி நடக்கும் முறை

இன்றைய கிஸ்வா 14 மீட்டர் உயரமுடையது. ஹிஸாம் ஏறத்தாழ 47 மீட்டர் நீளம். அதை ஒரே துணியாய் விரித்துத் தைக்க முற்பட்டால் எவரும் மலைத்துப்போவர். ஆகவே அது 16 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் தனித்தனி மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டப்படுகிறது. வாயில் திரைக்கும் இவ்வாறே தனிச் சட்டங்கள். எழுத்துகளின் வடிவம் முதலில் கறுப்புப் பட்டின்மேல் பதிக்கப்படும். பிறகு பருத்தி நூலை அடுக்கடுக்காய் வைத்துத் தைத்து எழுத்தை மேடாக்குவார்கள். அதன்மேல்தான் பொன்முலாம் பூசிய வெள்ளி ஜரிகை ஏறும். பணி முடிந்தபின் அப்பருத்தியை யாரும் காண்பதில்லை. ஆயினும் எழுத்து எழுந்து நிற்பது அதனால்தான். இவ்வாறு எட்டு முதல் பத்து மாதங்கள் உழைத்தபின், துண்டுகள் ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. முன்பு துல்ஹஜ் பிறை 9இல் மாற்றப்பட்ட கிஸ்வா, ஹிஜ்ரி 1444 (2022) முதல் முஹர்ரம் முதல் நாளில் மாற்றப்படுகிறது.

நமக்குள்ள பாடம்

இவ்வரலாற்றில் வேகம் பெரிதாகப் பேசப்படவில்லை, ஒழுங்கே பேசப்படுகிறது. அவ்வொழுங்கை நம் வீட்டுத் திண்ணைக்கும் கொண்டுவரலாம். முதலாவதாக, ஒவ்வொரு வேலைக்கும் அது முடிய வேண்டிய நாளைக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, பெரிய வேலையைத் துண்டுகளாக்க வேண்டும்: இன்று ஒரு கை, நாளை கழுத்து, மறுநாள் ஓரம். மூன்றாவதாக, ஒவ்வொரு வேலைக்கும் அதற்குரிய துணி, நூல், ஊசி, அளவுச் சீட்டு ஆகியவற்றைத் தனிப் பையில் இட்டு வைக்க வேண்டும். பத்து நிமிடம் கிடைத்தாலும் தேடாமல் எடுத்துத் தைக்க அதுவே சட்டமாய் உதவும். நான்காவதாக, எவர் கண்ணுக்கும் படாத அடித்தையலைச் சலிப்பின்றிச் செய்ய வேண்டும்.

அளவில் குறைவாயினும் தொடர்ந்து செய்யப்படும் நற்செயலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்னும் கருத்தை நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்துள்ளார்கள். அது வணக்கத்தைக் குறித்தது. எனினும், வாக்களித்த நாளில் வாடிக்கையாளரின் துணியை நிறைவாகக் கொடுப்பதும் அமானிதத்தைக் காப்பதே அன்றோ? நான்கு வேலைகளையும் தினமும் ஒருமுறை கையிலெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாண் முன்னேறும் பெண்மணியின் வீட்டில், பெருநாளுக்கு முந்தைய இரவு விளக்கு நெடுநேரம் எரிய வேண்டியிராது, இன்ஷா அல்லாஹ்.