குழுவாக்கிக் கணக்கிடல் (எஸ்கியூஎல்)

ஓர் அட்டவணையின் பதிவுகளை ஏதேனும் ஒரு புலத்தின் மதிப்பைக் கொண்டு குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு விடைவரி வீதம் பெறும் முறை குழுவாக்கிக் கணக்கிடல். தரவுத்தள வினவல் மொழியான எஸ்கியூஎல்லில் இதற்கான கட்டளைக்கூறு ‘குரூப் பை’. எண்ணிக்கைக்குக் ‘கவுண்ட்’, சராசரிக்கு ‘ஏவிஜி’ ஆகிய சார்புகள் இதனுடன் பயன்படும். ஐபிஎம் ஆய்வாளர்கள் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் 1974-இல் ‘சீக்வெல்’ என்ற பெயரில் அறிமுகம் செய்த மொழியே பின்னர் எஸ்கியூஎல் ஆயிற்று. 1986-இல் அமெரிக்கத் தரநிலையானது.

இம்முறையைக் கற்பிக்கப் பரவலாகப் பயன்படுவது, 1912-இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் பயணிகள் தரவு. காகிள் தளத்தின் பயிற்சிக் கோப்பில் 891 பதிவுகள் உள்ளன. அதைப் ‘பயணிகள்’ என்ற அட்டவணையாக ஏற்றிப் பின்வரும் வினவலை இடலாம்:

செலக்ட் வகுப்பு, கவுண்ட்(*), கவுண்ட்(வயது), ஏவிஜி(வயது) ஃப்ரம் பயணிகள் குரூப் பை வகுப்பு;

விடை மூன்றே வரிகள். முதல் வகுப்பில் 216 பேர். வயது பதிவானவர்கள் 186. சராசரி வயது 38.2. இரண்டாம் வகுப்பில் 184, 173, 29.9. மூன்றாம் வகுப்பில் 491, 355, 25.1.

இரண்டு கவுண்ட்களும் வேறுபடக் காரணம் உண்டு. உடுக்குறியிட்ட கவுண்ட் எல்லாப் பதிவுகளையும் எண்ணும். புலப்பெயர் இட்டது, மதிப்பில்லாத பதிவுகளை விட்டுவிடும். ஏவிஜியும் அப்படியே. மூன்றாம் வகுப்பில் 136 பேரின் வயது பதிவாகவில்லை, 25.1 என்பது மீதமுள்ளோரின் சராசரி மட்டுமே. அருகில் எண்ணிக்கை இல்லாத சராசரியை நம்பக் கூடாது.

குழுச் சராசரிகளைக் கூட்டி மூன்றால் வகுப்பது இன்னொரு பிழை. அப்படிச் செய்தால் 31.1 வரும். வயது தெரிந்த 714 பேரின் உண்மையான சராசரியோ 29.7. ஆள் குறைந்த முதல் வகுப்புக்கும் கூட்டம் மிகுந்த மூன்றாம் வகுப்புக்கும் சம எடை கொடுத்ததால் வந்த வேறுபாடு இது.

‘வேர்’ நிபந்தனை குழுவாக்கத்துக்கு முன்பே பதிவுகளை வடிகட்டும். ‘ஹேவிங்’ உருவான குழுக்களை வடிகட்டும். மேற்கண்ட வினவலில் ‘ஹேவிங் கவுண்ட்(*) > 200’ என்று சேர்த்தால் இரண்டாம் வகுப்பு விடையிலிருந்து விழுந்துவிடும்.

இதே அட்டவணையின் இன்னொரு புலத்தில் உயிர் பிழைத்தோருக்கு 1, இறந்தோருக்கு 0 எனப் பதிந்திருப்பதால், அப்புலத்தின் சராசரியே பிழைத்தோர் விகிதம்: வகுப்பு வாரியாக 0.63, 0.47, 0.24. கப்பலில் வகுப்புக்கேற்ப உயிருக்கும் விலை இருந்ததை இந்த மூன்று எண்களே காட்டிவிடுகின்றன. மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய தரவுத்தள மென்பொருள்கள் இரண்டும் இந்தச் சராசரியைப் பதின்மத்துடன் தரும். மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரிலோ முழுஎண் புலத்தின் சராசரி முழுஎண்ணாகவே வெட்டப்பட்டு, மூன்று வகுப்புக்கும் 0 என்றே வரும். அங்கே புலத்தை 1.0-ஆல் பெருக்கிய பிறகே ஏவிஜியிடம் கொடுக்க வேண்டும்.