பெட்டியில் முழுப்பேர், செக்ரோலில் அரைப்பேர்

வீடியோ எடிட் பண்ற ஆக்களுக்கு மோஷன் கிராஃபிக்ஸ் டெம்ப்ளேட் புதுசில்ல. லோகோ, நிறம், எழுத்துரு, அசைவு எல்லாம் பூட்டியே இருக்கும்; தலைப்பை மட்டும் மாத்தலாம். பத்துப் பேர் பத்து வீடியோ செய்தாலும் கம்பெனிக்கு ஒரே முகம். அடோபி இதை பிரீமியர் ப்ரோவுக்குள் கொண்டுவந்தது 2017இல். யோசனை அதைவிடப் பழசு.

கோப்பி அழிந்து தேயிலை வந்தபின், மாத்தளையின் ரத்தோட்டை, எல்கடுவப் பக்கத் தேயிலை பலகைப் பெட்டிகளில்தான் போனது. எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டிமேல் வைத்து மை பூசுவார்கள். தோட்டத்தின் பெயர் மாறாது. தரம், எடை, இன்வொய்ஸ் இலக்கம் மட்டும் மாறும். 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்திலும் சரி, லண்டனிலும் சரி, சுவைத்துப் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆனாலும் பேருக்கென்று ஒரு மதிப்பு இருந்தது. (நம்ம ஆக்கள் தோட்டங்களுக்கு வைத்த தமிழ்ப் பேர்கள் வேற. இங்கிலீஷ் தகட்டில் அதற்கு இடமில்லை.)

மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்த சனத்தின் பெயர் பதிந்த இடம் செக்ரோல். ஒரு நாள் வேலை ஒரு 'பேர்'. கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்'. மலையகத்துக்கு வெளியே இந்தச் சொல்லை விளங்கப்படுத்துவது லேசில்ல: மனுசருடைய பேரையே பாதியாக வெட்டும் கணக்கு அது. 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. பெட்டியில் தோட்டப் பெயர் அப்படியே இருந்தது.

பிறகு பலகைப் பெட்டி போய்க் காகித மூட்டை வந்தது. அதிலும் பேர், தரம், எடைதான். நிர்ணயித்த கிலோ வராத நாளில் இன்றைக்கும் பல தோட்டங்களில் அரைப்பேர்தான் விழுகிறது.