வெடித்தது எந்த மலை?

அலாஸ்காவின் கட்மாய் பகுதியில் 1912 ஜூன் 6 அன்று தொடங்கிய எரிமலை வெடிப்பு சுமார் 60 மணி நேரம் நீடித்தது. ஒரு பள்ளத்தாக்கே சாம்பலில் புதைந்தது; அதன் ஓரத்துக் காட்டு மரங்கள் கருகின. 1916இல் அங்கு சென்ற தாவரவியலாளர் ராபர்ட் கிரிக்ஸ், எங்கும் ஆவி பீறிட்ட அந்த நிலத்துக்குப் ‘பத்தாயிரம் புகைகளின் பள்ளத்தாக்கு’ என்று பெயரிட்டார். கட்மாய் மலையின் உச்சி இடிந்து உள்வாங்கியிருந்ததால், வெடித்தது அந்த மலைதான் என்றே பல ஆண்டுகள் நம்பப்பட்டது.

அந்த நம்பிக்கையைத் திருத்தியது வரைபடம். 1950களில் நிலவியலாளர் கார்னிஸ் கர்ட்டிஸ் சாம்பல் அடுக்குகளின் கனத்தை இடம் இடமாக அளந்து, சம கனமுள்ள இடங்களைக் கோடுகளால் இணைத்தார். கோடுகள் சூழ்ந்து நின்றது கட்மாயை அல்ல. சுமார் 10 கிலோமீட்டர் தள்ளியிருந்த நோவரூப்தா என்ற சிறு குன்றை. கட்மாயின் அடியிலிருந்த பாறைக்குழம்பு அந்த வழியே வெளியேறியதால்தான் அதன் உச்சி சரிந்தது. வரைபடம் என்பது கண்ணால் கண்டதன் பதிவு மட்டுமே என்று சிலர் வாதிடலாம். ஆனால் அந்தக் கோடுகளை நிலத்தில் எவரும் பார்த்ததில்லை; நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரில் சிதறிய அளவுகள் ஒரே தாளில் சேர்ந்தபோதுதான் அவை தெரிந்தன. வெடித்தது கட்மாயே என்று கருதிய முன்னோடிகள் அவசரப்பட்டார்கள் என்று சொல்வதும் நியாயமல்ல; இடிந்த உச்சி வலுவான சான்றுதான். அதை எடைபோட வேறோர் அளவுகோல் அன்று அவர்களிடம் இல்லை. இப்படி அளந்து வரைபடம் வரைவதும் ஓர் ஆராய்ச்சியே. அதற்குரிய மதிப்பை நாம் தர வேண்டும்.