கறுப்புக் கட்டம் வந்த கதை

அமெரிக்காவுல டிப்ரெஷன் மாத்திரையோட விவரத்தாளைப் பிரிச்சா, முதல்ல கண்ணுல படறது கறுப்புக் கட்டத்துக்குள்ள ஒரு எச்சரிக்கை. அது எப்படி வந்துச்சு?

2003 ஜனவரியில ஃப்ளூவாக்ஸெட்டினை 8 வயசுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கும் கொடுக்கலாம்னு அங்கே அனுமதி கிடைச்சது. அதே வருஷம் ஜூன்ல பிரிட்டன், பராக்ஸெட்டினை 18 வயசுக்குக் கீழே மனச்சோர்வுக்குக் கொடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. உடனே அமெரிக்க எஃப்.டி.ஏ. 24 ஆய்வுகளை, சுமார் 4,400 பிள்ளைகளோட விவரத்தை, மொத்தமா அலசுச்சு. தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்தது, மருந்து சாப்பிட்டவங்கள்ல 100-க்கு 4 பேருக்கு. மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 2 பேருக்கு. யாரும் சாகலை. 2004 அக்டோபர்ல கட்டம் வந்தாச்சு. 2007-ல 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க.

பல பேர் இதை 'கொடுக்காதே'ன்னு படிச்சாங்க. அது சொன்னது 'கூடவே இருந்து கவனி'. புது வெர்ஷன் ஏத்தின ராத்திரி சர்வரை அப்படியே விட்டுட்டுத் தூங்குவோமா? முதல் சில வாரமும், டோஸ் மாத்தும்போதும் கண் அங்கேயே இருக்கணும். புதுசா எரிச்சல், தூக்கமின்மை, இருப்புக்கொள்ளாத தவிப்புன்னா அன்னிக்கே டாக்டர்கிட்ட பேசணும். சாவைப் பத்திப் பேசினா உடனே ஆஸ்பத்திரி. மாத்திரை பூட்டுக்குள்ள, கொடுக்கிறது பெரியவங்க கையால. 'தேறிட்டான்'னு நாமளா நிறுத்தக் கூடாது, டாக்டர் சொல்றபடி படிப்படியா குறைக்கணும்.

கவனிக்காம விட்ட மனச்சோர்வும் உயிரை வாங்கும்.