சில்லில் எழுதும் உரிமை: மடிக்கணினி பயோஸின் வரலாறு

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆவடிக்கு வடக்கே உள்ள வெள்ளானூரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் மடிக்கணினி எளிய குடும்பங்களின் வீட்டுக்குள் நுழைந்த காலத்தை ஓர் அரசு விழாவை வைத்தே கணக்கிடலாம். 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், இதே மாவட்டத்தின் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு முதல் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 9.12 லட்சம் மடிக்கணினிகள் வழங்கத் திட்டமிடப்பட்டு, அவற்றைக் கொள்முதல் செய்யும் பொறுப்பு மாநில அரசின் எல்காட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விண்டோஸ் இயங்குதளத்துடன் மத்திய அரசின் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்த இந்தக் கணினிகளின் வழியாகத்தான், இயங்குதளத்துக்கும் அடியில் வேறொரு மென்பொருள் இருக்கிறது என்பதையும், அதைப் புதுப்பிக்கும் வேலை சில வேளைகளில் வீட்டுக்கே வந்து சேரும் என்பதையும் ஏராளமான மாணவர்கள் அறிந்துகொண்டனர்.

அந்த அடித்தள மென்பொருளின் பெயர் பயோஸ். கணினியின் மின்விசையை அழுத்தியதும் நினைவகம், விசைப்பலகை, திரை, வட்டு ஆகியவற்றைச் சோதித்துத் தயார்படுத்தி, பிறகு இயங்குதளத்தை எழுப்பிவிடுவது அதன் பணி. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சிறு சில்லில் அது குடியிருப்பதால், வன்தட்டையே கழற்றி எறிந்தாலும் பயோஸ் அழியாது. மாறாக, பயோஸ் அழிந்துவிட்டால் வன்தட்டில் எது இருந்தும் பயனில்லை. பயோஸ் புதுப்பித்தலைச் சுற்றி வளர்ந்த அச்சங்கள், எச்சரிக்கைகள், சடங்குபோலப் பின்பற்றப்படும் நடைமுறைகள் அனைத்துக்கும் வேர் இந்த ஒரு நிலையில் இருக்கிறது.

1970-களின் நடுவில் சிபி/எம் இயங்குதளத்தை எழுதிய கேரி கில்டால், கருவிக்குக் கருவி மாறும் பகுதியைத் தனியே பிரித்து அதற்குப் பயோஸ் என்று பெயரிட்டார். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் தனிநபர் கணினியை வெளியிட்டபோது அந்தப் பகுதி, ஒருமுறை எழுதினால் மாற்ற முடியாத ரோம் சில்லில் 8 கிலோபைட் அளவில் பதிக்கப்பட்டிருந்தது. 1982 அக்டோபர் தேதியிட்ட திருத்தம் வந்த பிறகே அந்தக் கணினியில் வன்தட்டு அட்டையைச் சேர்க்க முடிந்தது; பழைய கணினி வைத்திருந்தவர் அந்தத் திருத்தத்தைப் பெற வேண்டுமானால் புதிய சில்லை வாங்கிப் பழையதைப் பெயர்த்துவிட்டுப் பொருத்த வேண்டியிருந்தது. எனவே அக்காலத்தில் பயோஸ் புதுப்பித்தல் என்பது கோப்பு சார்ந்த வேலையாக இல்லாமல், திருகாணி திருப்பும் வேலையாகவே இருந்தது. அதில் சிரமம் அதிகம் என்றாலும், பழைய சில்லைத் திரும்பப் பொருத்தினால் கணினி பழைய நிலைக்கு வந்துவிடும் என்ற உறுதி இருந்தது.

இடைக்காலத்தில் வந்தது ஈப்ரோம் சில்லு. இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் 1971-இல் உருவாக்கிய இச்சில்லின் முதுகில் ஒரு சிறு குவார்ட்ஸ் சன்னல் இருக்கும். அதன் வழியே புற ஊதாக் கதிரை ஏறக்குறைய 20 நிமிடம் பாய்ச்சினால் உள்ளே எழுதப்பட்டவை அழிந்து, மறுபடி எழுத இடம் கிடைக்கும். அறையின் வெளிச்சத்தில் தானே அழிந்துவிடாமல் இருக்க அந்தச் சன்னலின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவது வழக்கம். 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் வந்த தாய்ப்பலகைகளில் நிறுவனப் பெயரும் பதிப்பு எண்ணும் அச்சிட்ட பளபளப்பான வில்லை ஒன்று சில்லின் மேல் காணப்பட்டது அலங்காரத்துக்காக மட்டுமன்று.

அந்த வில்லைகளில் பெரும்பாலும் காணப்பட்ட பெயர்களுள் ஒன்றான அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸுக்குச் சென்னையோடு நேரடித் தொடர்பு உண்டு. இந்திய வம்சாவளியினரான எஸ். சங்கர், பாட் சர்மா ஆகிய இருவர் 1985-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கிய இந்நிறுவனம், உலகெங்கும் விற்ற கணினிகளுக்கு ஆமிபயோஸ் என்ற பெயரில் அடித்தள மென்பொருளை வழங்கியது. அதன் இந்தியக் கிளை பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய செம்மஞ்சேரியில் இயங்குகிறது. தமிழ்நாட்டின் கணினி வரலாறு எழுதப்படும்போது பெருநிறுவனங்களின் சேவை மையங்களுக்கே முதலிடம் கிடைக்கிறது; கணினி கண் விழிக்கும் முதல் நொடிகளை ஆளும் மென்பொருளில் சென்னைப் பொறியாளர்களின் உழைப்பும் கலந்திருப்பது உரிய அளவில் பேசப்படவில்லை.

நிலைமையை அடியோடு மாற்றியது ஃபிளாஷ் நினைவகம். தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் அறிவித்த இத்தொழில்நுட்பம், மின்சாரத்தைக் கொண்டே சில்லை அழித்து எழுத வழி செய்தது. 1990-களின் நடுவில் பென்டியம் தாய்ப்பலகைகள் பெருகியபோது பயோஸும் ஃபிளாஷ் சில்லுக்குக் குடிபெயர்ந்தது. தொழிற்சாலையிடம் மட்டும் இருந்த எழுதும் உரிமை இவ்வாறு பயனரின் கைக்கு வந்தது. டாஸ் இயங்குதளத்தில் தொடங்கும் நெகிழ்வட்டு ஒன்றைத் தயாரித்து, அதில் எழுதும் நிரலையும் பயோஸ் கோப்பையும் போட்டு, நினைவக மேலாண்மை நிரல்கள் குறுக்கிடாதவாறு எஃப்5 விசையை அழுத்தி வெறும் டாஸை மட்டும் எழுப்பி, பிறகு எழுதுவதே அன்றைய முறை. பாதுகாப்பு என்பது பிற நிரல்கள் எதுவும் ஓடாத சூழலே என்ற எண்ணம் இங்கேதான் வேரூன்றியது. இன்றைய பூட்டபிள் பென்டிரைவ் அந்த நெகிழ்வட்டின் நேரடி வாரிசு.

உரிமை கைமாறியபோது ஆபத்தும் கூடவே வந்தது. தைவான் மாணவர் சென் இங்-ஹாவ் 1998-இல் எழுதிய சிஐஎச் நச்சுநிரல், 1999 ஏப்ரல் 26 அன்று உலகின் பல நாடுகளிலும், குறிப்பாக ஆசியாவிலும், கணினிகளைச் செயலிழக்கச் செய்தது. அது வன்தட்டின் தொடக்கப் பகுதியைச் சுழியங்களால் நிரப்பியதோடு நில்லாமல், சில வகைத் தாய்ப்பலகைகளில் பயோஸையும் குப்பையால் மேலெழுதியது. செர்னோபில் அணு உலை விபத்தின் நாளோடு பொருந்தியதால் செர்னோபில் வைரஸ் என்றே இந்தியாவிலும் அறியப்பட்ட இந்நிரல், பயனருக்குத் திறந்துவிட்ட கதவு பகைவருக்கும் திறந்தே இருக்கிறது என்பதைத் தெளிவாக்கியது. சில்லின் ஒரு சிறு பகுதியை எப்போதும் அழியாமல் காப்பது, இரட்டைச் சில்லு வைப்பது போன்ற ஏற்பாடுகள் அக்காலப் பலகைகளில் பரவின. ஆமிபயோஸில் கண்ட்ரோல், ஹோம் ஆகிய விசைகளைச் சேர்த்துப் பிடித்தால், காக்கப்பட்ட அந்தச் சிறு பகுதி மட்டும் விழித்து, நெகிழ்வட்டில் ஆமிபூட்.ரோம் என்ற பெயரில் உள்ள கோப்பைத் தேடி எடுத்துத் தன்னைத் தானே மீட்டுக்கொள்ளும்.

2000-இல் யுஎஸ்பி நினைவகக் குச்சி விற்பனைக்கு வந்து, அடுத்த பத்தாண்டுக்குள் நெகிழ்வட்டை வழக்கொழித்தது. எல்காட்டின் மடிக்கணினிகளிலோ நெகிழ்வட்டுக்கு இடமே இல்லை. பயோஸ் புதுப்பிப்புகளைக் கணினி நிறுவனங்கள் பெரும்பாலும் விண்டோஸில் மட்டும் ஓடும் நிரலாகவே வெளியிட்டதால், லினக்ஸைப் பயன்படுத்தியவர்கள் ஃப்ரீடாஸ் ஏற்றிய பென்டிரைவை நாட வேண்டியிருந்தது. சி. உமாசங்கர் எல்காட்டின் மேலாண்மை இயக்குநராக இருந்த 2006-08 காலத்தில் சூஸே லினக்ஸைப் பள்ளிகளுக்குக் கொண்டுசென்ற மாநிலம் இது என்பதை எண்ணும்போது, அந்த இடர்ப்பாடு சிலரின் தனிப்பட்ட விருப்பம் சார்ந்ததாக இல்லை என்பது விளங்கும்.

காலமும் சாதகமாக இல்லை. மடிக்கணினிகள் வந்து சேர்ந்த 2011-12 ஆண்டுகளில் தமிழ்நாடு கடும் மின்வெட்டில் சிக்கியிருந்தது; சென்னை நகரிலேயே நாள்தோறும் 2 மணி நேரம் வரையும், மற்ற மாவட்டங்களில் பல மணி நேரமும் கரண்ட் போனது. பயோஸ் சில்லை அழித்து எழுதும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் பாதி எழுதிய சில்லே மிஞ்சும் என்பதால், மேசைக்கணினி வைத்திருந்தவர்கள் யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையில் இறங்கத் தயங்கினர். மடிக்கணினிக்கு அதன் மின்கலமே யுபிஎஸ் ஆனது. சார்ஜரும் செருகியிருக்க வேண்டும், மின்கலத்திலும் போதிய சார்ஜ் இருக்க வேண்டும் என்ற இரட்டை நிபந்தனை, இரண்டில் ஒன்று கைவிட்டாலும் மற்றது தாங்க வேண்டும் என்பதற்காகவே விதிக்கப்பட்டது. மின்கலம் செத்துப்போய் சார்ஜரில் மட்டும் ஓடும் பழைய மடிக்கணினியில் பல நிறுவனங்களின் நிரல்கள் எழுத மறுப்பதற்கும் காரணம் இதுவே.

இன்டெல் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்து, 2005 முதல் பல நிறுவனங்களின் கூட்டமைப்பு பராமரிக்கும் யுஇஎஃப்ஐ என்ற புதிய தரம், பழைய பயோஸின் இடத்தைப் பிடித்தது. பேச்சு வழக்கில் அதற்கும் பயோஸ் என்றே பெயர். எஃப்ஏடி32 முறையில் அமைந்த பென்டிரைவைத் தானே படிக்க அதற்குத் தெரியும் என்பதால், டாஸின் உதவி தேவையற்றுப் போனது. டெல் மடிக்கணினிகளில் எஃப்12 பட்டியலிலேயே பயோஸ் எழுதும் தெரிவு கிடைக்கிறது. ஆயினும் அடிப்படை ஒழுங்கு மாறவில்லை. கணினியின் அடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணை எழுத்துப் பிசகாமல் பார்த்து, நிறுவனத்தின் இணையதளத்திலிருந்தே கோப்பை இறக்கி, ஏற்கெனவே உள்ள பதிப்பை ஒப்பிட்டு, நிறுவனம் தரும் சரிபார்ப்பு எண்ணோடு கோப்பு பொருந்துகிறதா எனக் கண்ட பிறகே பென்டிரைவைச் செருக வேண்டும். விண்டோஸில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதை முன்கூட்டியே நிறுத்திவைத்து மீட்புச் சாவியை வேறிடத்தில் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. பயோஸ் மாறியதும் கணினி தன்னைத் தானே அடையாளம் காணாமல் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் வேலை கெட்டால் வெள்ளானூர்வாசி செல்லும் இடம், சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. வானொலி உதிரிபாகச் சந்தையாக இருந்து கணினிச் சந்தையாக மாறிய இத்தெரு போன்ற இடங்களில், எட்டுக் கால் கொண்ட பயோஸ் ஐசியின் மேல் கவ்வியைப் பொருத்தி, சிஎச்341ஏ போன்ற சிறு கருவி வழியே வேறொரு கணினியிலிருந்து எழுதுவார்கள். கவ்வி சரியாகப் பிடிக்காவிட்டால் ஐசியைச் சூட்டுக் காற்றால் எடுத்து எழுதி மீண்டும் பற்றவைப்பார்கள். இங்கே தேர்ந்த கையை அடையாளம் காட்டுவது ஒரே ஒரு பழக்கம்: கெட்டுப்போன சில்லாயினும் அதில் உள்ளதை முதலில் படித்துச் சேமித்துக்கொள்வது. கணினியின் வரிசை எண்ணும், விண்டோஸ் 8 காலம் முதல் விண்டோஸ் உரிமச் சாவியும், சில மாதிரிகளில் வலையட்டையின் முகவரியும் அந்தச் சில்லிலேயே இருப்பதால், அதே மாதிரியைச் சேர்ந்த வேறொருவரின் கணினியிலிருந்து நகலெடுத்து அப்படியே எழுதினால் பலகை உயிர் பெறும், ஆனால் இன்னொரு கணினியின் அடையாளத்தைச் சுமந்துகொண்டு எழும். சில சில்லுகள் 3.3 வோல்ட்டிலும் சில 1.8 வோல்ட்டிலும் இயங்குவதால், மின்னழுத்தம் பாராமல் கருவியைச் செருகுவது சில்லையே எரித்துவிடக்கூடும்.

ஓடுகிற கணினியில் பயோஸைத் தொடவே கூடாது என்ற பழைய அறிவுரை இன்று முழுவதும் செல்லாது. 2018 ஜனவரியில் வெளிவந்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற செயலிக் குறைபாடுகளில் சிலவற்றுக்கான திருத்தங்கள் பயோஸ் வழியாகவும் வழங்கப்பட்டன. 2023 டிசம்பரில் வெளியான லோகோஃபெயில் ஆய்வோ, கணினி தொடங்கும்போது காட்டும் நிறுவனச் சின்னத்தின் படத்தைப் படிக்கும் நிரலிலேயே ஓட்டை இருப்பதைக் காட்டியது. அதே வேளையில் தயக்கத்துக்கும் நியாயம் உண்டு: 2017 டிசம்பரில் உபுண்டு லினக்ஸின் 17.10 பதிப்பு லெனோவோ உள்ளிட்ட சில மடிக்கணினிகளின் பயோஸ் அமைப்புகளைக் குலைத்ததால், அதை வெளியிடும் கனானிகல் நிறுவனம் அதன் பதிவிறக்கத்தையே நிறுத்தி வைத்தது. லினக்ஸ் பயனர்களுக்கென ரிச்சர்ட் ஹியூஸ் 2015-இல் தொடங்கிய பொதுக் களஞ்சியத்தில் பல நிறுவனங்கள் இப்போது தம் பயோஸ் கோப்புகளைக் கையொப்பமிட்டு வைக்கின்றன.

காக்களூர் விழா நடந்த அதே 2011-ஆம் ஆண்டில் மைக்ரோசாஃப்ட் உருவாக்கிய சான்றிதழ்களே, நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் எழ விடும் யுஇஎஃப்ஐ-யின் பாதுகாப்பான தொடக்க முறைக்கு அடிப்படை. அவற்றுள் சில 2026 ஜூனிலும் மற்றொன்று அக்டோபரிலும் காலாவதியாகும் வகையில் அமைந்தவை. கணினி அதனால் நின்றுவிடாது, ஆனால் 2023-இன் புதிய சான்றிதழ்கள் ஏறாத கணினிகளுக்குத் தொடக்க நிலைப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கா. முதல் ஆண்டுகளில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் இந்த முறையே இல்லை என்பதால் அவற்றுக்கு இச்சிக்கல் இல்லை. பின்னர் வந்தவற்றில் சிலவற்றுக்கு விண்டோஸ் வழியாகவே சான்றிதழ் ஏறும், சிலவற்றுக்கு நிறுவனம் வெளியிடும் பயோஸ் கோப்பும் தேவைப்படும்.